முழங்காலின் ஓசையும் முழங்காலின் நலமும்

மனித உடலிலுள்ள மூட்டுகளுள் மிகப் பெரியது முழங்கால் மூட்டு. உட்காரும்போதும் எழும்போதும் படியேறும்போதும் அதிலிருந்து ஓர் ஓசை எழுவதைப் பலர் கேட்டிருப்பர். சிலருக்கு அது விரலைச் சொடுக்கினாற் போன்ற ஒற்றை ஒலி. சிலருக்கு மணலை மிதித்தாற் போன்ற நறநறப்பு. ஓசையைக் கேட்ட மாத்திரத்தில், "எலும்பு தேய்ந்துவிட்டது" என்று முடிவு கட்டுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. அம்முடிவு பெரும்பாலும் தவறானது. அதனை நம்பி நடப்பதையும் படியேறுவதையும் நிறுத்திவிடுவோர், நன்றாக இருக்கும் முழங்காலையும் காலப்போக்கில் பலவீனமாக்கிக்கொள்கின்றனர்.

திருப்பதியும் சித்தூரும் 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் வரையில் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. இப்பகுதி மக்களுக்கு முழங்கால் என்பது மருத்துவரிடம் மட்டும் பேசும் பொருளன்று. அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையில் 3,550 படிகள் உள்ளன. தூரம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். சந்திரகிரிப் பக்கத்திலுள்ள ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். தூரம் 2 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். ஆதலால் ஏற்றம் மிகவும் செங்குத்தானது. அலிபிரி வழியின் பிற்பகுதியில் வரும் ஓர் ஏற்றத்துக்கு 'மோகாள்ள பர்வதம்' என்றே பெயர். தெலுங்கில் மோகாலு என்றால் முழங்கால். புனித மலையைக் காலால் மிதிக்க அஞ்சிய இராமாநுஜர் முழங்காலாலேயே ஏறிச் சென்றார் என்பது மரபு வழி வந்த செய்தி. இன்றும் அவ்விடத்துப் படிகளை முழங்காலால் ஏறும் அடியார்கள் உண்டு. புரட்டாசி பிறந்தால் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கால்நடையாகவே வருவோரும் பலர். "முழங்காலில் சத்தம் வருகிறதே, நான் மலையேறலாமா?" என்று கிராமத்து ஆசிரியரையோ சுகாதார ஊழியரையோ ஒரு முதியவர் கேட்டால் என்ன விடை சொல்வது? அவ்விடைக்கு வேண்டிய செய்திகளை இங்கே காண்போம்.

மூட்டின் அமைப்பு

தொடை எலும்பின் கீழ்முனையும், கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும், இவற்றின் முன்னே அமைந்த முழங்காற் சில்லும் சேர்ந்ததே இம்மூட்டு. எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. சில்லின் உட்புறத்திலுள்ள குருத்தெலும்பே உடல் முழுவதிலும் தடிப்பு மிகுந்தது; சிலருக்கு அது 5 மில்லிமீட்டருக்கும் மேற்பட்டிருக்கும். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே பிறைநிலவின் வடிவில் இரண்டு குருத்தெலும்பு மெத்தைகள் உள்ளன. எல்லாவற்றையும் சுற்றி ஓர் உறை. உறையினுள் முட்டையின் வெண்கருவைப் போன்ற மூட்டுநீர். இந்நீர் ஆரோக்கியமான முழங்காலில் ஒரு தேக்கரண்டி அளவுகூட இராது.

இங்கே ஒன்றை நினைவில் நிறுத்த வேண்டும். குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. இரத்தம் பாயாத பொருள் எவ்வாறு உயிர் வாழ்கிறது? நீரில் நனைந்த பஞ்சை அழுத்தி விட்டால் நீர் வெளியேறி மீண்டும் உட்புகுவது போல, நாம் நடக்கும்போது குருத்தெலும்பு அழுந்தி விரிந்து மூட்டுநீரிலிருந்து தன் உணவைப் பெறுகிறது. ஆகவே அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டாகும். வண்டிச் சக்கரத்தின் அச்சு உருள உருளத் தேயும் என்ற உவமையை முழங்காலுக்குச் சொல்லும் வழக்கத்தை ஆசிரியர்கள் கைவிடுதல் நலம். அச்சு இரும்பு, குருத்தெலும்பு உயிருள்ளது.

ஓசை எங்கிருந்து எழுகிறது?

ஒற்றைச் சொடுக்கொலிக்கு வாயுவே பெரும்பாலும் காரணம். இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். ஊசியில்லாத ஒரு புதிய மருந்துக் குழாயில் பாதியளவு தண்ணீர் எடுத்து, காற்றை வெளியேற்றி, நுனியை விரலால் இறுக அடைத்துக்கொண்டு, தண்டைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லுங்கள். தெளிந்த நீரில் குமிழிகள் தோன்றும். தண்டை விட்டதும் அவை சிறுத்துப்போகும். அழுத்தம் குறைந்தால் நீரில் கரைந்திருக்கும் வாயு பிரிந்து குமிழியாகிறது. கோலி சோடாவைத் திறந்ததும் பொங்குவதற்கும் இதுவே காரணம். மூட்டின் இரு முகங்களும் சட்டென விலகும்போது மூட்டுநீரிலும் இவ்வாறே நிகழ்கிறது.

இந்த ஒலியை ஆராய்ந்த வரலாறு சுவையானது. 1947 இல் லண்டனில் ராஸ்டன், ஹெய்ன்ஸ் என்ற இருவர் விரல் மூட்டை இழுத்து எக்ஸ்ரே படம் எடுத்து, ஒலி எழுந்தபின் மூட்டினுள் வாயு நிறைந்த ஓர் இடைவெளி இருப்பதைக் கண்டனர். 1971 இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார், குமிழி உடைவதால்தான் ஒலி எழுகிறது என்றனர். 2015 இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் காவ்ச்சக் குழுவினர் காந்தப் படக்கருவியினுள்ளேயே விரலைச் சொடுக்கி அசைபடமாக எடுத்துப் பார்த்து, இடைவெளி தோன்றும் கணத்திலேயே ஒலி எழுகிறது என்றனர். இவ்விவாதம் எவ்வாறு முடியினும், எலும்போடு எலும்பு மோதி எழும் ஒலி இது அன்று என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஒருமுறை சொடுக்கிய விரல் மூட்டை ஏறக்குறைய 20 நிமிடம் கழித்தே மறுமுறை சொடுக்க முடியும். பிரிந்த வாயு மீண்டும் கரைவதற்கு அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர் என்பார் 50 ஆண்டுகளாகத் தம் இடக்கை விரல்களை மட்டும் நாள்தோறும் சொடுக்கி, வலக்கையை விட்டுவைத்து, இரு கைகளுக்கும் மூட்டுநோயில் வேறுபாடில்லை என்று 1998 இல் எழுதினார். ஒருவர் கையை மட்டும் கொண்டு விதி வகுக்க முடியாதுதான். ஆனால் அவருடைய பொறுமையை மெச்சாமல் இருக்க இயலவில்லை.

இரண்டாவது வகை, தசைநாணோ நாரோ எலும்பின் மேட்டைத் தாண்டும்போது எழும் 'டக்' என்ற ஒலி. இதைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை.

மூன்றாவதே மக்களை அச்சுறுத்துவது. முழங்காலின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குந்தி எழுந்தால் கையில் உணரப்படும் நறநறப்பு அது. முழங்காற் சில்லு தொடை எலும்பிலுள்ள ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கிச் செல்கிறது. அப்போது இரு முகங்களிலுமுள்ள சிறு மேடுபள்ளங்களால் அதிர்வு உண்டாகிறது. 1987 இல் அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் நுண்ணிய அதிர்வுமானிகளை முழங்காலில் பொருத்திச் சோதித்தபோது, நோயற்ற முழங்கால்களிலும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இவ்வதிர்வு பதிவாயிற்று. காதுக்குக் கேட்பதும் கேளாததுமே வேறுபாடு. ஒரு வகுப்பிலுள்ள மாணவர்களைத் தம் முழங்காலில் கைவைத்துக் குந்தி எழச் சொன்னால், பதினான்கு வயதுப் பிள்ளைகளுள்ளும் சிலர் இதை உணர்வதை ஆசிரியரே காணலாம்.

அங்ஙனமாயின் ஓசைக்குப் பொருளே இல்லையா? அவ்வாறு சொல்லிவிடுவதும் உண்மைக்கு மாறானது. அமெரிக்காவில் முழங்கால் வலிநோய் இல்லாத 3,495 பேரை நான்கு ஆண்டுகள் வரை கவனித்து 2018 இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. தமக்கு எப்போதும் நறநறப்பு உண்டு என்றவர்களுக்கு, ஒருபோதும் இல்லை என்றவர்களைவிட, வலியோடு கூடிய மூட்டுத்தேய்வு தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. ஆனால் நோய் கண்டவர்களுள் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர்க்கு எக்ஸ்ரே படத்தில் தேய்வு முன்னரே தென்பட்டிருந்தது. எனவே நடுவயதைக் கடந்தவருக்கு நாள்தோறும் கேட்கும் நறநறப்பு, தொடைத்தசையையும் உடல் எடையையும் கவனிக்கச் சொல்லும் முன்னறிவிப்பாகலாம். நடையை நிறுத்து என்று அது சொல்லவில்லை. 2017 இல் பிரிட்டனில் முழங்காற் சில்லு வலி உடையோரிடம் விரிவாகப் பேசிப் பார்த்தனர். ஓசையைக் கேட்டுத் தம் மூட்டு அழிகிறதென்று எண்ணிய அவர்கள், அவ்வோசை எழும் அசைவுகளையே தவிர்த்து வந்தது தெரியவந்தது. நம் கிராமங்களிலும் நிலைமை வேறன்று. "மொளி தேய்ந்துபோச்சு" என்று யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காகக் களத்துக்கும் கோயிலுக்கும் போவதை நிறுத்திய பெண்கள் எத்தனையோ பேர்.

படியும் பாரமும்

சமதரையில் நடக்கும்போது முழங்காற் சில்லைத் தொடை எலும்போடு அழுத்தும் விசை உடல் எடையில் ஏறக்குறைய பாதியே. படியேறி இறங்கும்போது அது எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. ஆழக் குந்தும்போது ஏழு மடங்கைத் தாண்டுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒவ்வொரு படியிலும் சில்லின்மீது 200 கிலோ அளவு அழுத்தத்தைத் தாங்குகிறார் என்று மாணவர்களைக் கணக்கிடச் செய்யலாம். அலிபிரிப் பாதையில் ஒரு காலுக்கு 1,775 படிகள். இவ்வளவையும் குருத்தெலும்பு தாங்குமா என்றால், தாங்கும். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் ஏறுகின்றனர். ஆனால் பழக்கமற்ற தொடைத்தசை விரைவில் சோர்ந்துவிடும். தசை சோர்ந்தபின் அதிர்ச்சி முழுவதும் மூட்டின்மேல் விழுகிறது.

இறங்குவதைப் பற்றித் தனியே கூற வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்குவதால் அதுவே கடினம் என்று நினைக்கிறோம். இறங்கும்போது உடல் முழுவதையும் மடங்கும் முழங்காலில் மெல்லத் தாழ்த்த வேண்டியிருப்பதால், தொடைத்தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை கடுப்பதற்குக் காரணம் இது; அக்கடுப்பு மூட்டுநோயன்று, மூன்று நான்கு நாட்களில் தணியும். சில்லைச் சுற்றி வலியுள்ளவர்கள் ஏறுவதற்கு நடந்தும் இறங்குவதற்குப் பேருந்திலும் செல்வது நன்று என்பது நமது யோசனை. இறங்கியே ஆகவேண்டுமெனில் கைப்பிடியையோ ஊன்றுகோலையோ பயன்படுத்துக. ஒரு காலில் மட்டும் வலியிருப்பின் ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது வலியுள்ள காலையும் முதலில் வைக்க வேண்டும்.

மலையேற எண்ணுவோர் ஆறு வாரங்களுக்கு முன்பே பழகத் தொடங்க வேண்டும். முதல் வாரம் சமதரையில் அரைமணி நடை. பிறகு பள்ளிக் கட்டடத்தின் மாடிப்படியோ ஊரிலுள்ள குன்றின் படியோ சிறிது சிறிதாக. அலிபிரி வழியில் முதற்பகுதி, காளி கோபுரம் வரையில், மிகவும் செங்குத்து. அதன்பின் வெகுதூரம் சமமாகச் சென்று, மோகாள்ள பர்வதத்தில் மீண்டும் ஏறுகிறது. தொடக்கத்தில் வேகமாக ஏறித் தொடையைக் களைக்கச் செய்தவர்களே கடைசி ஏற்றத்தில் துன்பப்படுகின்றனர். முழங்காலால் ஏறும் நேர்த்திக்கடன் உடையவர்கள் தடித்த துணியைக் கட்டிக்கொள்ளலாம். சில்லின் முன்புறத் தோலுக்கடியில் உள்ள சிறு நீர்ப்பை நசுங்கி வீங்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அங்கே ஏற்படும் சிராய்ப்பு ஆறுவது அரிது. அவர்களுக்கு இந்நேர்த்திக்கடன் ஏற்றதன்று. 60 வயதைக் கடந்து நீரிழிவு, இரத்தக்கொதிப்பு, மூட்டுநோய் முதலியன உடையோர் நடைவழியைத் தவிர்க்குமாறு தேவஸ்தானமும் 2024 அக்டோபரில் அறிவுரை வெளியிட்டது. இதயநோய் உள்ளவர்க்கு முழங்காலைவிட இதயமே முதற் கவலையாதலால், மருத்துவரைக் கேளாமல் அவர்களை ஏறச் சொல்லலாகாது.

அன்றாட வாழ்வில்

நிலக்கடலை ஆய்தல், களையெடுத்தல், பால் கறத்தல், அடுப்பங்கரை வேலை ஆகிய யாவும் நம் பெண்களைக் குந்த வைப்பவை. குந்துதல் கெட்டதென்று சொல்ல முடியாது. மூட்டின் முழு மடிப்பையும் அது காக்கிறது. நெடுநேரம் அசையாமல் குந்துவதே தீது. சீனத்தின் பெய்ஜிங்கில் நடந்து 2004 இல் வெளியான ஆய்வில், இளமையில் நாள்தோறும் பல மணிநேரம் குந்தியவர்களுக்கு முதுமையில் முழங்கால் தேய்வு அதிகமாகக் காணப்பட்டது. கால்மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடப்பதும், பால் கறக்க முக்காலியும் கடலை ஆய மனைப்பலகையும் வைத்துக்கொள்வதும், நீண்ட காம்புள்ள களைக்கொத்தைப் பயன்படுத்துவதும் செலவில்லாத வழிகள்.

உடல் எடையைப் பற்றி இரண்டு எண்கள் போதும். எடை மிகுந்தோர் 1 கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ 4 கிலோ பாரம் குறைகிறது. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில், பத்தாண்டுகளில் ஏறக்குறைய 5 கிலோ குறைத்த பெண்களுக்கு வலியுள்ள மூட்டுத்தேய்வு வரும் வாய்ப்பு பாதியாகக் குறைந்ததென 1992 இல் கண்டனர்.

தொடையின் முன்தசையை வலுப்படுத்தக் கருவி எதுவும் வேண்டாம். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின்கீழ் ஒரு சுருட்டிய துண்டை வைத்து, அதனைத் தரையோடு அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுக, பத்து முறை. படுத்து ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டியபடியே ஒரு சாண் உயர்த்திப் பிடிப்பது அடுத்த படி. பிறகு கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது. வாரத்துக்கு மூன்று நாட்களாவது செய்ய வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களில் பயன் தெரியும். செய்யும்போது சிறு வலி தோன்றி மறுநாளுக்குள் தணிந்தால் தொடரலாம். மறுநாளும் நீடித்தாலோ வீங்கினாலோ அளவைப் பாதியாக்குக. ஓசை மட்டும் எழுந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கட்டும் மருந்தும்

சித்தூர்ப் பகுதியைச் சொல்லிப் புத்தூர்க் கட்டைச் சொல்லாதிருக்க இயலாது. பச்சிலை, முட்டை வெண்கரு, மூங்கில் சிம்பு, துணி ஆகியவற்றால் முறிந்த எலும்பைக் கட்டும் இம்முறைக்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வருகின்றனர். ஆனால் முறிவுக்குரிய கட்டைத் தேய்வுக்கும் ஓசைக்கும் கேட்டு வாங்குவோரைத் தடுக்க வேண்டும். முறிவில் அசைவின்மை எலும்பைக் கூட்டுகிறது. தேய்ந்த முழங்காலில் அதே அசைவின்மை தொடைத்தசையைச் சில வாரங்களிலேயே மெலியச் செய்து, மூட்டையும் விறைக்கச் செய்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து பெயரில்லாத பொட்டலங்களில் இருக்கிறது. ஒரே நாளில் வலியைப் போக்கும் மூலிகைப் பொடி என்று சந்தையில் விற்கப்படுபவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனைகளில் வெளிப்பட்டுள்ளது. முகம் உப்பி, எலும்பு பலமிழந்து, சர்க்கரை ஏறிய பின்னரே உண்மை தெரிகிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலிமாத்திரைகளும் குடற்புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கவல்லவை, வீட்டுக்கு வீடு செல்லும் ஊழியர்கள், "என்ன மாத்திரை, எத்தனை நாளாக?" என்று தவறாமல் கேட்க வேண்டும். குளுக்கோசமின் மாத்திரைகள் பயன் தருவதற்குப் போதிய சான்று இல்லை. தேய்ந்த மூட்டினுள் குழாயை நுழைத்துக் கழுவிச் சுத்தம் செய்யும் சிகிச்சையும் ஒருகாலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. 2002 இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 நோயாளிகளைக் கொண்டு, சிலருக்கு உண்மையான சிகிச்சையும் சிலருக்குத் தோலில் கீறல் மட்டுமும் செய்து பார்த்தனர். இரு சாராரின் வலியும் ஒரே அளவில் இருந்தது. முற்றிலும் தேய்ந்து, இரவு உறக்கத்தையும் கெடுக்கும் மூட்டுக்கு மாற்று மூட்டு பொருத்தும் அறுவை நல்ல பலன் தருகிறது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் பர்டு மருத்துவமனை இத்தகைய எலும்பு மூட்டுச் சிகிச்சைக்கென்றே நடைபெறுவது.

எப்போது மருத்துவரிடம் அனுப்புவது?

கபடி ஆட்டத்தில் கால் திரும்பி 'மடக்' என்ற ஒலி கேட்டு, சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கினால், உட்புற நார் அறுந்திருத்தல் கூடும். எண்ணெய் தேய்த்து உருவி விடுதல் கூடாது. அடிபட்டபின் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாதவருக்கு எக்ஸ்ரே அவசியம். மூட்டு மடங்கிய நிலையில் பூட்டிக்கொள்வது, நடக்கையில் திடீரென மடங்கிவிடுவது, காய்ச்சலோடு சிவந்து சுடுவது, காலை விறைப்பு அரைமணிக்கு மேல் நீடித்துப் பல மூட்டுகளும் வீங்குவது ஆகியவற்றுள் எது இருந்தாலும் தாமதம் கூடாது. காய்ச்சலோடு சுடும் மூட்டை அன்றே காட்ட வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் ஆசிரியரின் கண்ணுக்கு மதிப்பு அதிகம். ஓடி ஆடும் பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சில்லின் கீழே எலும்பு மேட்டில் வலியும் புடைப்பும் வருவதுண்டு. சில வாரம் குதிப்பதைக் குறைத்தால் அடங்கும். சிறு பிள்ளையின் முழங்கால் நீட்டும்போதெல்லாம் பெரிய ஒலியுடன் துள்ளினால், பிறைக் குருத்தெலும்பு பிறவியிலேயே வட்டமாக அமைந்திருக்கலாம். ஆசிய நாட்டுக் குழந்தைகளிடம் இது மிகுதி. முழங்கால் வலிக்கிறதென்று சொல்லி நொண்டும் பிள்ளையின் முழங்காலில் ஒன்றும் தென்படாவிடின், நோய் இடுப்பு மூட்டில் இருக்கக்கூடும். இடுப்பின் வலி தொடை வழியாக முழங்காலில் உணரப்படுகிறது. விளையாட்டு வேளையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் அப்பிள்ளையை ஒரே நேர்க்கோட்டில் இருபது அடி நடக்கச் சொல்லிப் பார்த்து, நொண்டல் இருப்பின் அவ்வாரத்துக்குள்ளேயே பெற்றோரிடம் சொல்லி, இடுப்பையும் சேர்த்துப் படம் எடுக்குமாறு குறிப்பெழுதி மருத்துவமனைக்கு அனுப்புக.